11.30-க்கே உள்ளே போய்விடுங்கள்: கிராக்கோவ் மாதா பீடம் ஒரு பார்வையாளர் மதிப்புரை

போலந்தின் கிராக்கோவ் நகரில், பெரிய சந்தைச் சதுக்கத்தின் மூலையில் நிற்கும் புனித மரியா பேராலயத்துக்குச் சுற்றுலாப் பயணிகள் டிக்கெட் வாங்குவது பெரும்பாலும் ஒரே ஒரு பொருளுக்காக. ஃபைட் ஷ்டோஸ் 1477 முதல் 1489 வரை செதுக்கி நிறுத்திய பிரதான பீடம் அது. போலந்துக்காரர்கள் அவரை விட் ஸ்த்வோஷ் என்பார்கள். பீடம் பார்க்கத் தகுந்ததா என்று கேட்பதற்கே இடமில்லை. பிற்கால கோதிக் மரச்சிற்பத்தில் இதைவிடப் பெரிய காரியம் ஐரோப்பாவில் தேடிப் பிடிப்பது கடினம். ஆனால் வாங்கின டிக்கெட்டுக்கு அந்தப் பீடத்தில் எவ்வளவு கண்ணுக்குக் கிடைக்கும் என்பது போகிற நேரத்தைப் பொறுத்தது. நேரம் பார்த்துப் போனால் ஐந்துக்கு நாலரை. சாப்பிட்டுவிட்டு சாவகாசமாக இரண்டு மணிக்கு நுழைந்தால் மூன்றுதான், ஏனென்றால் அப்போது பன்னிரண்டு காட்சிகள் மறைந்து போயிருக்கும்.

காரணம் பீடத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. நடுவில் ஆழமான ஒரு மரப்பேழை. அதன் இரு பக்கமும் கீல் வைத்த கதவுகள். கதவுகளுக்கு வெளிப்புறம் அசையாத இரண்டு பலகைகள். கதவுகளைச் சாத்தினால் பேழை மூடிவிடும். கதவுகளின் வெளிப்பக்கமும் அசையாப் பலகைகளும் சேர்ந்து நான்கு நெடும்பத்திகளாக நிற்கும். பத்திக்கு மூன்று வீதம் பன்னிரண்டு காட்சிகள். கதவுகளைத் திறந்தால் அவை அப்படியே அசையாப் பலகைகளின் மேல் போய் விழுந்துவிடும். பன்னிரண்டும் கண்ணிலிருந்து போய், கதவுகளின் உட்பக்கத்தில் உள்ள ஆறு காட்சிகளும் நடுப்பேழையும் தெரியும். இரண்டு முகத்தையும் ஒரே சமயத்தில் பார்க்க வழியே கிடையாது. சாதாரண நாள்களுக்கு ஒரு முகம், பெருவிழாக்களுக்கு ஒரு முகம் என்பதுதான் இந்த வகைப் பீடங்களின் பழைய கணக்கு. தங்கம் பூசிய உள்முகம் அபூர்வமாகக் கிடைத்தால்தான் அதற்கு மதிப்பு.

இன்றைய ஏற்பாடு இப்படி: வார நாள்களில் பயணிகளை 11.30 மணிக்கு உள்ளே விடுகிறார்கள். 11.50-க்குக் கதவுகளைத் திறக்கிறார்கள். ஆக, மூடிய முகத்தைப் பார்க்க இருபது நிமிடம், அதுவும் முதல் ஆளாய் உள்ளே போனால். மாலையில் மறுபடி சாத்திவிடுவார்கள். சனிக்கிழமை மட்டும் ஞாயிறு திருப்பலிக்காகத் திறந்தபடியே விட்டுவிடுவது வழக்கம். ஞாயிறன்று பயணிகளுக்கு அனுமதி மதியம் 2 மணிக்கு மேல்தான், திறந்த முகம் மட்டும்தான். மூடிய முகத்தில் அக்கறை உள்ளவர்கள் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிடலாம். திருவிழா நாள்களில் நேரம் மாறும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இடத்தைக் கண்டுபிடிப்பதில் ஒரு சின்னக் குழப்பம் எல்லோருக்கும் நேரும். சதுக்கத்தைப் பார்த்திருக்கும் பெரிய மேற்கு வாசல் செபிக்க வருபவர்களுக்கானது. அந்த வழியாகப் போனால் ஆலயத்தின் பின்பகுதியோடு நின்றுவிட வேண்டும். பீடம் தொலைவில் ஒரு தங்கப் பொட்டாகத் தெரியும், அவ்வளவுதான். பயணிகளுக்கான வழி தெற்குப் பக்கம், மரியா சிறு சதுக்கத்தில். டிக்கெட் கொடுக்கும் இடமும் ஆலயத்துக்குள் இல்லை, அதே சிறு சதுக்கத்தின் எதிர்ப்பக்கம். முதலில் பக்கவாசலில் வரிசையில் நின்று, பிறகு டிக்கெட் இல்லை என்று திருப்பி அனுப்பப்படுபவர்கள்தான் அந்த இருபது நிமிடத்தையும் இழக்கிறவர்கள். டிக்கெட்டை முதலில் வாங்குங்கள், வரிசையில் நிற்பது அப்புறம்.

உள்ளே போனதும் எல்லோரும் செய்வது முன்வரிசைக்கு ஓடுவது. அது வேண்டாம். பீடம் சுமார் 13 மீட்டர் உயரம், 11 மீட்டர் அகலம். உட்கார்ந்திருப்பவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். பன்னிரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் உச்சியைப் பார்க்கக் கழுத்தை 45 பாகை சாய்க்க வேண்டும். இருபது மீட்டர் தள்ளிப் போனால் 30 பாகை போதும். அதோடு நடுப்பேழையின் பெரிய உருவங்கள் கீழே தூரத்தில் நிற்பவனை மனதில் வைத்துச் செதுக்கியவை. மிக நெருங்கினால் முன்வரிசை உருவங்களின் மடிப்புகள் பின்வரிசை முகங்களை மறைத்துவிடும். நடுப்பாதையை ஒட்டி, பாதித் தூரத்தில் உட்கார்ந்து, எட்டு மடங்கு பெருக்கும் பைனாகுலரைக் கையில் வைத்துக்கொள்வதுதான் சரி. பைனாகுலர் இல்லாமல் போவது பாதி டிக்கெட்டைக் கிழித்துப் போடுவதற்குச் சமம். கைபேசிக் கேமரா அதற்கு மாற்று ஆகாது. தங்கத்தின் பளபளப்பில் அது முகங்களை வெளுக்க வைத்துவிடும்.

மூடிய முகத்தைப் பற்றி வழிகாட்டி நூல்கள் ஒரு வரிக்கு மேல் எழுதுவதில்லை. அதில் கதை மரியாளின் பெற்றோரிடமிருந்து தொடங்குகிறது: யோவாக்கிமும் அன்னாவும், மரியாளின் பிறப்பு, சிறுமி மரியாள் கோவிலில் ஒப்படைக்கப்படுவது. பிறகு குழந்தை இயேசுவைக் காணிக்கையாகக் கொடுத்தல், மறைநூல் அறிஞர் நடுவே பன்னிரண்டு வயது இயேசு, கைது, சிலுவை, அடக்கம், பாதாளத்தில் இறங்குதல், உயிர்த்தபின் மதலேன் மரியாளுக்குத் தோட்டக்காரர் வடிவில் தோன்றுதல் என்று போகும். புடைப்பு இங்கே ஆழம் குறைவு. தங்கத்தைவிட நிறம்தான் பேசும். பட்டறை ஆட்களின் கை இங்கே அதிகம் என்பது மடிப்புகளின் தளர்ச்சியில் தெரியும். எல்லாப் பலகையும் ஒரே தரம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வீட்டுச் சாமான்கள், துணி, கட்டில், பாத்திரம் எல்லாம் 15 ஆம் நூற்றாண்டு கிராக்கோவ் நகரத்தார் வீடுகளில் இருந்தபடியே இருக்கின்றன. மரியாளின் பிறப்புக் காட்சியில் மட்டும் ஐந்து நிமிடம் தாராளமாகச் செலவிடலாம்.

11.50-க்குத் திறப்பு. நீண்ட கோலால் கதவுகளைத் தள்ளி விரிப்பார்கள். எல்லோரும் கைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். பார்க்க வேண்டியது கதவு அல்ல. அது விலகும்போது நடுப்பேழைக்குள் வெளிச்சம் ஓரத்திலிருந்து நுழைந்து ஒவ்வொரு மடிப்பாக ஏறுவதைப் பாருங்கள். ஆழமாக வெட்டிய சிற்பத்துக்கு நேர் வெளிச்சம் எதிரி, பக்க வெளிச்சம் நண்பன். இந்தச் சில நொடிகளுக்குப் பிறகு அந்த மாற்றம் மறுநாள்தான்.

நடுப்பேழையில் இருப்பது மரியாளின் மரணம். இதில்தான் ஷ்டோஸின் துணிச்சல் தெரிகிறது. மேற்கு ஐரோப்பிய ஓவியங்கள் பலவற்றில் மரியாள் கட்டிலில் படுத்திருப்பார், சுற்றிலும் திருத்தூதர்கள். இங்கே கட்டில் கிடையாது. முழங்காலில் செபித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிகிறார். திருத்தூதர் ஒருவர் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்கிறார். முகம் இளம்பெண்ணின் முகம். கைகளைப் பைனாகுலரில் பிடித்துப் பாருங்கள்: மணிக்கட்டிலிருந்து இரண்டும் வலுவற்றுத் தொங்குகின்றன, விரல்களில் பிடிப்பே இல்லை. அதற்கு நேர் மேலே இன்னொரு திருத்தூதர் விரல்களைக் கோத்துத் தன் கைகளை முறுக்கிக்கொண்டு நிற்கிறார், புறங்கை நரம்புகள் புடைத்திருக்க. உயிர் போன கையும் துக்கம் தாளாத கையும் ஒன்றன்மேல் ஒன்று. காட்சியின் முழுக் கனமும் இந்த நான்கு கைகளில்தான் இருக்கிறது. தங்கம் எல்லாம் அதற்குப் போட்ட படச்சட்டம்.

இந்த உருவங்களில் பெரியவை 2.7 மீட்டர் அளவுக்கு வரும். லிண்டன் மரத்தின் பெருந்தண்டுகளிலிருந்து செதுக்கியவை. பேழையின் கட்டுமானம் ஓக், பின்பலகை லார்ச். லிண்டன் ஏன் என்றால், அதன் இழை நெருக்கமாகவும் சீராகவும் இருக்கும், உளி எந்தத் திசையில் போனாலும் அதிகம் சிம்பு கிளம்பாது. கெடுதல் என்னவென்றால், காயும்போது வளையங்களின் வட்டத்தை ஒட்டிய திசையில் அது ஆரத் திசையைவிட அதிகம் சுருங்கும். முழுத் தண்டை அப்படியே விட்டால் மையத்திலிருந்து வெளியே பிளந்துகொண்டு வரும். அதனால்தான் சிலைகளின் முதுகைக் குடைந்து, நடுத்தண்டையே எடுத்துவிடுவார்கள். உள்ளே வெறும் ஓடு மட்டும் மிஞ்சும். சுருங்க இடம் கிடைப்பதால் முகத்தில் விரிசல் வராது. எடையும் குறையும். பேழைக்குள் நிற்கிற சிலைக்கு முதுகு யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆகவே பின்னால் இருந்து பார்த்தால் இந்த மாபெரும் திருத்தூதர்கள் எல்லாம் பாதித் தொட்டிகள்தான்.

முகங்களின் நுணுக்கம் சிற்ப விமரிசகர்களை மட்டும் கவரவில்லை. கிராக்கோவைச் சேர்ந்த தோல் மருத்துவப் பேராசிரியர் ஃபிரான்சிஷெக் வால்தெர் 1933 இல் இந்த உருவங்களில் தெரியும் தோல் நோய்களைப் பற்றியே தனியாக எழுதினார். வீங்கிய மூக்கு, தடிப்பு, மருக்கள் எல்லாம் நகரத்து மனிதர்களிடமிருந்து பார்த்து எடுத்தவை என்று நம்பத் தோன்றும். புனிதர் என்றால் மாசு மறுவற்ற முகம் என்ற வழக்கத்தை இந்தப் பீடம் மரியாளுக்கு மட்டும்தான் கடைப்பிடிக்கிறது.

கதவுகளின் உட்பக்க ஆறு காட்சிகளை இடப்பக்கம் மேலிருந்து கீழாக வாசிக்க வேண்டும்: மங்கள வார்த்தை, இயேசு பிறப்பு, மூவரசர் வணக்கம். பிறகு வலப்பக்கம் மேலிருந்து கீழாக: உயிர்ப்பு, விண்ணேற்றம், தூய ஆவியின் வருகை. மாதாவின் மகிழ்ச்சிகளாகக் கொண்டாடப்படுபவை இவை. நடுப்பத்தியையோ கீழிருந்து மேலாக வாசிக்க வேண்டும். அடிப்பகுதியில் தாவீது அரசரின் தந்தை ஈசாயிலிருந்து கிளம்பும் வம்ச மரம், அதற்கு மேல் மரணம், அதற்கும் மேல் கிறிஸ்து மரியாளை ஏற்றிச் செல்லும் விண்ணேற்பு, சட்டத்தையும் தாண்டி உச்சியில் முடிசூட்டல். உச்சியின் இரு பக்கமும் போலந்தின் காவலர்களான புனித ஸ்தனிஸ்லாவும் புனித வொய்ச்சியெஹும் நிற்கிறார்கள். வேர் கீழே, மகுடம் மேலே, நடுவில் ஒரு சாவு. இந்தச் செங்குத்துக் கோட்டைப் பிடித்துக்கொண்டால் மற்ற எல்லாம் தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். பிடிக்காவிட்டால் சுமார் 200 உருவங்களும் ஒரே நெரிசலாகத்தான் தெரியும்.

வாசிப்பதில் சிரமம் தரும் பகுதி அந்த வம்ச மரம். சிறிய உருவங்கள், பின்னிய கொடிகள், முன்னால் இருக்கும் பலிபீட மேசையின் மெழுகுவர்த்தித் தண்டுகளும் பூக்களும் குறுக்கே. முடிசூட்டலுக்கும் அதே கதி, வேறு காரணத்தால்: பின்னால் இருக்கும் உயர்ந்த கண்ணாடிச் சாளரங்களின் ஒளி கண்ணில் அடிக்கும், உருவங்கள் நிழலுருவாகிவிடும். வெயில் பளிச்சென்று இருக்கும் நாளைவிட மேகமூட்டமான நாள் உச்சிக்கு நல்லது.

நிறத்துக்கு வருவோம். இப்போது தெரியும் பளபளப்பு 2015 முதல் 2021 வரை நடந்த பெரும் பராமரிப்புப் பணியின் பலன். பிற்காலத்தில் ஏறிய மேல்பூச்சுகளும் அழுக்கும் நீங்கி, அங்கிகளின் உட்புற நீலமும் தோலின் நிறமும் வெளியே வந்தன. திருத்தூதர் ஒருவரின் உருவத்தில் 1486 என்ற ஆண்டு பொறித்திருப்பதும் இந்தப் பணியில்தான் தெரியவந்தது. பணிக்கு முந்தைய புகைப்படங்களைப் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு முதலில் சற்று அதிகப்படியாகத் தோன்றக்கூடும். பழுப்பேறிய பழமைக்குக் கண் பழகியிருப்பதால் வரும் கோளாறு அது. நிறுத்திய நாளில் பீடம் இதைவிட மங்கலாக இருந்திருக்க வாய்ப்பே இல்லை.

தங்கப் பூச்சு எப்படி நிற்கிறது என்று தெரிந்தால் எங்கே பழுதாகும் என்பதும் புரியும். செதுக்கி முடித்த மரத்துக்கு முதலில் வஜ்ஜிரப் பசை. அதன்மேல் சுண்ணப்பொடியை வஜ்ஜிரத்தில் குழைத்து மெல்லிய பூச்சாகப் பல தடவை. ஒவ்வொன்றும் காய்ந்தபின்தான் அடுத்தது. வழவழப்பாகத் தேய்த்து, செம்மண் நிறக் களிமண் பூச்சு. அதை ஈரப்படுத்தித் தங்க ரேக்கை ஒட்டி, காய்ந்ததும் மெருகுகல்லாலோ விலங்கின் பல்லாலோ தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். இந்தப் பூச்சுகளின் கனம் உளியின் கூர்மையை மழுக்கிவிடும் என்பதால் சிற்பி முன்கூட்டியே கொஞ்சம் அதிகக் கூராக வெட்டி வைப்பார். சிக்கல் எங்கே என்றால், மரம் ஈரத்துக்கு ஏற்ப விரியும், சுருங்கும், சுண்ணப்பூச்சு அசையாது. குளிர்காலத்தில் ஆலயத்தைச் சூடாக்கினால் காற்று வறளும், மரம் இழைக்குக் குறுக்காகச் சுருங்கும், பூச்சு கூடாரம்போல் தூக்கிக்கொண்டு உதிரும். ஈரப்பதம் 50 முதல் 60 சதவீதத்துக்குள் ஏறியிறங்காமல் நிற்க வேண்டும் என்று பராமரிப்பாளர்கள் மன்றாடுவது இதற்காகத்தான். மழை நாளில் நனைந்த மேலங்கியோடு நூற்றுக்கணக்கானவர்கள் நுழைவதும் மரத்துக்கு நல்லதல்ல.

இன்னொரு எதிரி மரத்துளைப்பான் வண்டு. ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் அளவில் வட்டத் துளை. துளை மட்டும் இருந்தால் பழைய கதை. கீழே வெளிறிய மாவு புதிதாகக் கொட்டியிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. எந்தச் சிறு ஆலயத்திலும் பீடத்தின் அடியில் முதலில் பார்க்க வேண்டியது இந்த மாவைத்தான்.

இத்தனைக்கும் மேல் இந்தப் பீடம் ஒரு பயணமும் போய் வந்திருக்கிறது. 1939 இல் போர் நெருங்கியபோது பிரித்துச் சந்தோமியெஷ் நகரில் ஒளித்தார்கள். நாஜிகள் அதைக் கண்டெடுத்து ஜெர்மனிக்குக் கொண்டுபோனார்கள். போர் முடிந்தபின் நியூரம்பர்க் கோட்டையின் நிலவறையில் அகப்பட்டு 1946 இல் போலந்து திரும்பியது. கிராக்கோவின் வாவெல் கோட்டையில் சீர்செய்யப்பட்டு 1957 இல்தான் தன் இடத்துக்கு வந்தது. பெரிய உருவங்களைத் தனித்தனியாகக் கழற்றி எடுக்க முடிகிற கட்டுமானம் என்பதால்தான் இதெல்லாம் சாத்தியமாயிற்று.

போவதற்கு முன் தெற்குப் பக்கப் பாதையில் நிற்கும் கற்சிலுவையைத் தவறவிடாதீர்கள். ஷ்டோஸே செதுக்கியது, நாணயசாலைத் தலைவர் ஸ்லாக்கர் கொடுத்தது. இதை நெருங்கிப் பார்க்கலாம். பீடத்தில் பைனாகுலரில் துழாவிய நரம்பும் எலும்பும் இங்கே கைக்கெட்டும் தூரத்தில் கல்லில் கிடைக்கும். பலர் இதைப் பார்க்காமலே வெளியேறிவிடுகிறார்கள்.

கிராக்கோவின் ஒரே உண்மையான குறை, பீடத்துக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் இருக்கும் தூரம். அதைச் சரிக்கட்ட வேண்டுமானால் ஜெர்மனியில் டாவ்பர் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும். ரோத்தன்பர்க் புனித யாக்கோபு ஆலயத்தின் மேற்கு மாடத்தில் ஷ்டோஸின் காலத்துச் சிற்பி டில்மன் ரீமன்ஷ்னைடரின் திரு இரத்தப் பீடம் இருக்கிறது. நுழைவுக்குச் சிறு கட்டணம் உண்டு. படியேறிப் போக வேண்டும் என்பதால் அவசரப் பயணிகள் கீழே கிழக்குப் பக்கத்துப் பிரதான பீடத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அது 1466 ஆம் ஆண்டுப் பீடம், நல்லதுதான், ஆனால் வந்த காரியம் மாடியில் இருக்கிறது.

இங்கே நிறமும் இல்லை, தங்கமும் இல்லை. லிண்டன் மரத்தின் மேல் பழுப்புப் பூச்சு மட்டும். கிராக்கோவில் தங்கம் செய்யும் வேலையை இங்கே நிழல் செய்கிறது. பேழையின் பின்பக்கத்தில் சிறு சாளரங்கள் வைத்திருப்பதால் உருவங்களின் பின்னாலிருந்தும் ஒளி வரும். ஒப்பந்த விவரமே சுவாரசியம்: பேழையைச் செய்த தச்சர் எர்ஹார்ட் ஹார்ஷ்னருக்கு 1499 இல் 50 கில்டர் (அக்காலத் தங்க நாணயம்) பேசினார்கள், சிற்பங்களுக்கு ரீமன்ஷ்னைடரிடம் 1501 இல் பேசியது 60 கில்டர். பெட்டிக்கும் சிற்பத்துக்கும் வித்தியாசம் பத்து கில்டர்தான். கொடிபோல் ஏறும் அந்த மேற்கட்டு வேலையைப் பார்த்தால் தச்சருக்குக் கொடுத்தது அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

நடுவில் இறுதி இராவுணவு. வழக்கப்படி கிறிஸ்துவுக்கு உரிய மைய இடத்தில் நிற்பவன் யூதாஸ், கையில் பணப்பை. கிறிஸ்து பக்கத்தில் தள்ளி அமர்ந்து அவனுக்கு அப்பத்துண்டை நீட்டுகிறார். யூதாஸ் உருவம் தனியாகக் கழற்றும்படி செய்யப்பட்டது; எடுத்துவிட்டால் கிறிஸ்துவின் மடியில் சாய்ந்திருக்கும் யோவான் முழுதாகத் தெரிவார். ஒரு திருத்தூதரின் விரல் கீழே பலிபீடத்தைச் சுட்டுகிறது. அந்த விரலைக் கண்டுபிடித்த பிறகு கண்ணை நேரே மேலே கொண்டுபோங்கள்: பேழைக்கு மேலே சிலுவை, அதற்குள் படிகக் குப்பியில் கிறிஸ்துவின் இரத்தம் என்று போற்றப்படும் திருப்பண்டம். இந்தப் பீடம் கட்டப்பட்டதே அதற்காக. இடக்கதவில் எருசலேம் நுழைவு, வலக்கதவில் ஒலிவ மலை. உளித்தடம் வரை தெரியும் நெருக்கம் இங்கே கிடைக்கும். ஐந்துக்கு ஐந்து, மாடியில் அரை மணியாவது இருக்கத் தயாராக இருந்தால்.

அங்கிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் கிரெக்லிங்கன். ஊருக்கு வெளியே இருக்கும் ஹெர்கோட் ஆலயத்தில் அதே சிற்பியின் மாதா பீடம், உயரம் 9 மீட்டருக்குச் சற்று மேல். 1384 இல் உழவர் ஒருவர் ஏர் ஓட்டும்போது நற்கருணை அப்பம் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் இடத்தில் எழுந்த ஆலயம் இது. பீடமும் கிழக்குக் கோடியில் இல்லாமல் நடுக்கூடத்தில் நிற்கிறது. அதாவது சுற்றி வரலாம். பேழையின் பின்கட்டு, இணைப்புகள், தச்சு வேலை எல்லாம் பார்க்கக் கிடைக்கும் அபூர்வ இடம். சீர்திருத்தச் சபை வந்தபிறகு பலகை அடித்து மறைத்துவிட்டார்கள். 1832 இல்தான் மறுபடி திறந்தார்கள். முந்நூறு ஆண்டு இருட்டு அதற்கு நல்லதே செய்திருக்கிறது, யாரும் வண்ணம் அடித்து அலங்கரிக்கவில்லை. ஆகஸ்ட் இரண்டாம் பாதியில் மாலை வெயில் மேற்கு வட்டச் சாளரம் வழியே வந்து மாதாவின் மேல் விழும் என்பதற்காகவே கூட்டம் கூடும். அந்த ஒளிக்காகப் போகலாம், ஆனால் சிற்பத்தை அமைதியாகப் பார்க்க வேறு மாதம் நல்லது. கார் இல்லாமல் போவது சிரமம். எதிரிலேயே விரல்தொப்பிகளுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தையல் வேலையில் ஆர்வம் இல்லாதவர்களுக்குக்கூட அது பிடிக்கிறது என்பது வியப்புதான்.

நிறம் பூசுவதா வேண்டாமா என்ற வழக்கு இந்த இரண்டு சிற்பிகளையும் ஒரே இடத்தில் சந்திக்க வைத்தது. முன்னர்ஷ்டாட் ஊருக்கு ரீமன்ஷ்னைடர் 1492 இல் முடித்துக் கொடுத்த பீடத்தில் நிறம் இல்லை. ஊராருக்கு அது திருப்தி தரவில்லை போலும். பத்துப் பன்னிரண்டு ஆண்டு கழித்து வண்ணம் பூச அழைத்தது யாரை என்றால் ஷ்டோஸை. போலிப் பத்திரம் செய்த குற்றத்துக்காக நியூரம்பர்க்கில் 1503 இல் இரு கன்னத்திலும் சூடு வாங்கிய நிலையில் அவர் அங்கே போனார். அந்தப் பீடம் பிற்பாடு பிரிந்து சிதறியது. ரோமம் போர்த்த மதலேன் மரியாள் மியூனிக்கில் பவேரிய தேசிய அருங்காட்சியகத்தில், நான்கு நற்செய்தியாளர்கள் பெர்லின் போடே அருங்காட்சியகத்தில்.

அருங்காட்சியகத்தில் பார்ப்பதற்கும் ஒரு லாபம் உண்டு. பக்கவாட்டில் போய் முதுகின் குடைவைப் பார்க்கலாம். தலை உச்சியில் அடைத்த துளை இருக்கிறதா என்று தேடலாம். செதுக்கும்போது கட்டையைப் படுக்கவைத்துத் தலையிலும் அடியிலும் முளை அடித்துப் பிடித்த தடம் அது. ஆனால் கண்மட்டத்தில் நிறுத்தினால் உருவங்களின் அளவு பிசகியதுபோல் தெரியும்: தலை பெரிது, கால் குட்டை. கீழிருந்து அண்ணாந்து பார்க்கிறவனுக்காகச் செய்த கணக்கு அது. தரையில் குந்திப் பார்த்தால் சரியாகிவிடும். காவலர்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள், பரவாயில்லை.

ஆஸ்திரியாவில் ஏரிக்கரை ஊரான ஸாங்க்ட் வோல்ஃப்காங்கில் மிஹாயேல் பாகர் 1481 இல் முடித்த பீடத்தையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் தவக்காலத்தைத் தவிர்க்க வேண்டும். அதில் இரண்டு ஜோடிக் கதவுகள், ஆகவே மூன்று முகங்கள். முழுக்கத் திறந்தால்தான் முடிசூட்டல் தெரியும். தவக்காலத்தில் இப்படிக் கதவு வைத்த சிறகுப் பீடங்களை மூடி வைப்பது பழைய வழக்கம். கிராக்கோவுக்கு மட்டும் போகிறவர்கள் பைனாகுலரோடு செவ்வாயோ புதனோ பார்த்து, 11.15-க்கே டிக்கெட்டோடு பக்கவாசலில் நிற்கலாம். வெளியே வருவதை மட்டும் மணி அடிக்கும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். கோபுரத்திலிருந்து மணிக்கு ஒருமுறை ஊதும் எக்காளம் கேட்க நிற்கும் கூட்டத்தில் வாசலை விட்டு நகரவே பத்து நிமிடம் ஆகும்.